கோகிலா மிஸ் சிரித்தது

விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று கோகிலவாணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினேழு வருஷமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். வகுப்புக்குள் போவாள், கைப்பையை மேசையில் வைப்பாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பாள். அதற்குள் முக்கால்வாசி வாய்கள் மூடிவிடும். மூடாத வாய் ஒன்று எப்போதும் இருக்கும். அதைப் பார்த்து, "பேசி முடிச்சிட்டு சொல்லுங்க தம்பி, நான் அப்புறமா வர்றேன்" என்பாள். குரலை உயர்த்த மாட்டாள். பிரம்பைத் தொட்டதே இல்லை. அந்தத் 'தம்பி'யிலும் 'ங்க'விலும் இருக்கிற நக்கலுக்கு நாலு அடி வாங்கிக்கொள்வதே மேல் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் போகிற சாலையில், கரும்புக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் நடுவே மூன்று மாடி எழும்பி நிற்கிற தீர்த்தம்மாள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. பள்ளியைக் கட்டிய தாளாளர் குப்புராஜ் அதற்கு முன் புளி மண்டி வைத்திருந்தார். இப்போதும் வைத்திருக்கிறார். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே கொட்டை எவ்வளவு, சதை எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர், பிள்ளைகளையும் மண்டையில் தட்டிப் பார்த்துத்தான் சேர்க்கிறார் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உலவியது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கோகிலவாணிதான்.

அரையாண்டு விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஜனவரி ஐந்து, திங்கட்கிழமை, ஆசிரியர்கள் அனைவரும் காலை எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும். விடுமுறைக்குப் பிந்தைய வகுப்பறை மேலாண்மை பற்றித் தாளாளரின் மகன் திரு. நவநீதன், எம்.பி.ஏ., அவர்கள் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுவார். வகுப்பு: எட்டு பி.

எட்டு பி கோகிலவாணியின் வகுப்பு. அவள் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டு ஆசிரியர்கள், நாற்பத்து நாலு கைகள். ஒருவர் கைதட்டலும் சேர்த்துப் போட்டிருந்தார். 'நல்லா கும்பிடுங்க' என்று நினைத்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நவநீதன் பெங்களூரில் படித்து, அங்கேயே ஒரு பயிற்சிக் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தவன். வேலையைத் தானே விட்டுவிட்டு வந்ததாக அவன் சொன்னான். விட்டது அவனா கம்பெனியா என்பதில் ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி இருந்தது. அக்டோபரில் வந்தவனுக்குக் குப்புராஜ் தனி அறையும், 'டைரக்டர்' என்று பொறித்த பித்தளைப் பலகையும் கொடுத்தார். நவம்பரில் அவன் கோகிலவாணியின் வகுப்பில் மூன்று நாள் பின்னால் உட்கார்ந்து ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனான். பாடமா எழுதினான் என்று அவள் அப்போதே கேலி பேசினாள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் புது ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். 'வெல்கம் பேக் சாம்பியன்ஸ்' என்று அதில் போட்டிருந்தது. சாம்பியன்கள் தபால்தலை அளவில் மூலையில் இருந்தார்கள். நடுவில் நவநீதன் கையைக் கட்டிக்கொண்டு, எங்கோ தூரத்தைப் பார்த்தபடி ஆளுயரத்துக்கு நின்றான். ஊராட்சித் தலைவர் தேர்தல் ஏதும் அறிவித்துவிட்டார்களா என்று கோகிலவாணி வாட்ச்மேனிடம் கேட்டாள். அவர் விளங்காமல், "இல்லீங்களே மேடம்" என்றார்.

கூட்டத்தில் நவநீதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசினான்.

"டீச்சர்ஸ், லீவு முடிஞ்சு வர்ற கிட்ஸ் இன்னும் ஹாலிடே மோட்லதான் இருப்பாங்க. நாம மொதல்ல அவங்களோட ரீகனெக்ட் ஆகணும். பாடமெல்லாம் ரெண்டாவது. அதட்டல் கூடாது, மெரட்டல் கூடாது. ஒரு பந்து போதும்."

பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்ச் பந்தை எடுத்துக் காட்டினான். கூட்டம் கைதட்டியது.

கோகிலவாணி பக்கத்தில் இருந்த தமிழாசிரியை நிர்மலாதேவியின் காதருகே சாய்ந்தாள். "எட்டு பி-யோட ரீகனெக்ட் ஆவறாராம். ஃபியூஸ் போவாம இருந்தா சரி."

நிர்மலாதேவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

முதல் பீரியட் மணி அடித்ததும் எட்டு பி-யின் கடைசி இரண்டு பெஞ்சுகளைக் காலிசெய்து ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். முன்னால் நாற்பத்தொரு பிள்ளைகள். பன்னிரண்டு நாள் அவிழ்த்துவிட்டிருந்த கன்றுகள். இரண்டு மொட்டை, மேல்மருவத்தூர் மாலை போட்டவள் ஒருத்தி, புளியமரத்திலிருந்து விழுந்து கையில் கட்டோடு ஒருவன், புது வாட்ச், புதுக் கம்மல், ஓசூரில் அத்தை வாங்கிக்கொடுத்த ஷூ. ஒவ்வொருவரிடமும் சொல்லியே ஆகவேண்டிய கதை குறைந்தது பன்னிரண்டு இருக்கும். முதல் நாள் முதல் பத்து நிமிஷம் அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட வெளியே விடக்கூடாது என்பது கோகிலவாணியின் சட்டம். ஒன்று வந்தால் நாற்பத்தொன்றும் வரும். இந்த மனிதன் பந்தைப் போட்டு வாயைக் கிண்டப்போகிறான்.

"பந்து யார் கைக்கு வருதோ, அவங்க லீவுல நடந்த ஒரு ஹேப்பி மொமென்ட்ட சொல்லணும். இங்கிலீஷ்ல" என்று சொல்லிவிட்டு நவநீதன் பந்தை எறிந்தான்.

முதல் பந்து ஒரு மொட்டையின் கையில் விழுந்தது. அவன் எழுந்து நின்று யோசித்தான்.

"சார், திருப்பதி சார். மொட்டை சார்."

"இங்கிலீஷ்ல."

"மொட்டை இஸ் ஹேப்பி சார்."

வகுப்பு ஓவென்று சிரித்தது. நவநீதனும் பெருந்தன்மையாகச் சிரித்தான். இரண்டாவது பந்து கட்டுப் போட்ட பையனுக்குப் போனது. ஒரு கையால் பிடிக்கப்போனவன் தவறவிட, அது மூக்கில் பட்டு ஜன்னலைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்குள் போய் விழுந்தது. எடுத்துவர மூன்று பேர் உத்தரவுக்குக் காத்திராமல் ஓடினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துப் பந்தோடும், ஆளுக்கொரு கரும்புத் துண்டோடும் திரும்பி வந்தார்கள்.

அதற்கப்புறம் பந்து நவநீதனிடம் வரவே இல்லை. பெஞ்சுக்குப் பெஞ்சு பறந்தது. யாரும் இங்கிலீஷில் எதையும் சொல்லவில்லை. தமிழில் எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார்கள். நவநீதன் மூன்று முறை கைதட்டி, "ஒன், டூ, த்ரீ, லுக் அட் மீ!" என்றான். பின் பெஞ்சுக்கு முந்தைய வரிசைக்காரன் ஒருவன் அந்தத் தாளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு பெஞ்சில் தட்ட, அது சாவு மேளமாகிவிட்டது.

கோகிலவாணிக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்துப் பல நாளாயிற்று. கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நவநீதனின் அக்குளில் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தாள். அவன் பார்வை தன் பக்கம் வந்து கெஞ்சலாக ஒரு நொடி நின்றதையும் பார்த்தாள்.

"மிஸ்," என்று நிர்மலாதேவி இடித்தாள், "எந்திரிச்சு ஒரு பார்வ பாருங்க. அடங்கிடும். பாவமா இருக்குது."

"நான் எதுக்கு? டைரக்டர் ரீகனெக்ட் ஆயிட்டு இருக்காரு. நடுவுல போனா தப்பு."

அப்போதுதான் பந்து ஜாஸ்மின் கைக்கு வந்தது. மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். கேட்டால் மட்டும் பதில் சொல்கிற ரகம். அந்த அமளியில் விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவள்தான். பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விதிப்படி எழுந்து நின்றாள்.

"சார், ஐ வென்ட் பெங்களூர்."

நவநீதன் மூழ்கப்போனவன் கயிற்றைப் பிடித்ததுபோல் அவளைப் பிடித்துக்கொண்டான். "வெரிகுட்! சைலன்ஸ், சைலன்ஸ்! சொல்லு."

அதற்கு மேல் இங்கிலீஷ் போதவில்லை. தமிழுக்கு மாறினாள். ஆனால் நன்றாகச் சொன்னாள். பதினாலாவது மாடி. லிஃப்டிலேயே ஏறி லிஃப்டிலேயே இறங்கினார்கள். மேலிருந்து பார்த்தால் காரெல்லாம் தீப்பெட்டி மாதிரி. கிறிஸ்துமஸுக்கு மூன்று மாடி உயரத்துக்குக் குடில் போட்டிருந்தார்கள். மொட்டை மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது, தரையில் இல்லை, மாடியில். முன் பெஞ்சுகள் மெல்ல மெல்லத் திரும்பி அவளைப் பார்க்கத் தொடங்கின.

"யார் வூடு அது? சொந்தக்காரங்களா?" என்றான் நவநீதன்.

"இல்லீங்க சார். எங்கம்மா அங்க பத்து நாளு சமைக்கப் போனாங்க. நானும் கூடப் போனேன்."

"ஓ. அப்ப டூர் இல்ல. டியூட்டி."

வகுப்பு சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. நாற்பது முகமும் நவநீதன் பக்கம் திரும்பியிருந்தன. காலையிலிருந்து முதல்முறையாக அவன் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். அந்த ருசி நாக்கில் பட்டதும் அவன் முகம் மாறியது. கோகிலவாணி அதைக் கவனித்தாள்.

"பதினாலாவது மாடிலருந்து பாத்தேன்னியே, எது வழியா பாத்த? கிச்சன் ஜன்னல் வழியாவா?"

மறுபடியும் சிரிப்பு.

"நீச்சல் கொளத்துல குளிச்சியா, இல்ல அதையும் தொடச்சிட்டு வந்தியா?"

ஜாஸ்மினும் முதலில் எல்லோரோடும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். பந்து கையிலேயே இருந்தது. உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

"இனிமே இவ பேரு டூரிஸ்ட். ஓகே?"

அவள் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். தன் வகுப்பாசிரியையைத் தேடினாள்.

கோகிலவாணி சிரித்துக்கொண்டிருந்தாள். எம்.பி.ஏ., பித்தளைப் பலகை, ஆளுயர ஃப்ளெக்ஸ், எல்லாம் போட்டும் ஒரு பதிமூன்று வயதுப் பெண் பிள்ளையின் முதுகில் ஏறித்தான் இவன் வகுப்பின் கண்ணுக்குத் தெரியவேண்டியிருக்கிறது என்ற நினைப்பில் உதட்டோரத்தில் வந்த சிரிப்பு. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. கோகிலவாணி சிரிப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜாஸ்மின் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பு அடங்கிப்போயிருந்தது. அடுத்தது தானோ என்று ஒவ்வொருவனும் தலையைக் குனிந்துகொண்டான். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எப்போது வந்தாரோ, வாசலில் நின்றிருந்த குப்புராஜ் மகனைப் பார்த்துக் கைதட்டினார். ஆசிரியர்களும் தட்டினார்கள்.

வராந்தாவில் நவநீதன் கோகிலவாணியின் பின்னாலேயே ஓடிவந்தான். முகம் பூரித்திருந்தது.

"மேடம், ரொம்ப தேங்க்ஸ். இன்னிக்கு உங்க டெக்னிக்தான் காப்பாத்துச்சு."

"என் டெக்னிக்கா?"

"நவம்பர்ல நோட் பண்ணினேனே. பாருங்க." நோட்டைத் திறந்து நீட்டினான். தேதி போட்டு, கோடு போட்டு, அவள் வகுப்பில் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தான். 'ஆடு மேய்க்கறதுல மிச்சமான அறிவத்தான் உங்கப்பா உங்கிட்ட குடுத்தாராப்பா? நாலு நொடியில் வகுப்பு அமைதி.' அதற்குக் கீழே இன்னொன்று. 'நீ படிக்க வேணாம் கண்ணு, உன்ன நம்பி நாலு எருமை காத்துக்கிட்டு இருக்குது. இரண்டு நொடி.'

"ஒருத்தர எடுத்துப் போட்டா மத்தவங்க தானா அடங்கிடறாங்க. சிம்பிள். நான் இதுக்கு ஸ்பாட்லைட் மெத்தட்னு பேரு வச்சிருக்கேன் மேடம். பொங்கல் லீவு முடிஞ்சதும் எல்லா டீச்சர்ஸுக்கும் ட்ரெய்னிங் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க கோ-ட்ரெய்னரா வரணும்."

அந்த வாக்கியங்களை யாரிடம் சொன்னோம் என்று கோகிலவாணிக்கு நினைவில்லை. சொன்னது தான்தான் என்பதில் சந்தேகமில்லை. வேறு யாருக்கும் இந்த ஊரில் அப்படி அழகாகச் சொல்ல வராது. முதலில் அவளுக்கு வந்த கோபம், இவன் அதைக் கெடுத்துவிட்டானே என்பதுதான். அவள் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வாள். இவன் ஒரே பிள்ளையை நாலு முறை குத்தினான். எங்கே நிறுத்துவது என்று தெரியாத மண்டிக்காரப் புத்தி. அவள் செய்தால் அதில் ஒரு அளவு இருக்கும். அந்த அளவு எவ்வளவு என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

"யோசிச்சு சொல்றேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

நாலாவது பீரியட் எட்டு பி-க்கு அறிவியல். ஜாஸ்மின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து தலையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ 'டூரிஸ்ட்' என்று கிசுகிசுத்தார்கள். கோகிலவாணி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், நின்றது. மாலையில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்று நினைத்தாள். என்ன பேசுவது என்று வார்த்தை அமையவில்லை. பதினேழு வருஷத்தில் எந்தப் பிள்ளையையும் சமாதானப்படுத்திப் பழக்கமில்லை. வேன் கிளம்பும் மணி அடித்தது, பிள்ளை ஓடிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் கிளம்பினாள்.

மறுநாள் ஜாஸ்மின் வரவில்லை. அவள் அம்மா லூர்துமேரி வந்தாள்.

இரண்டாவது பீரியடில் ஆபீசிலிருந்து ஆள் வந்து கோகிலவாணியைக் கூப்பிட்டது. உள்ளே குப்புராஜ் தன் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் நவநீதன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு நாற்காலியின் நுனியில், கஞ்சி போட்டுத் தேய்த்த சேலையும் மடியில் துணிப்பையுமாக ஒல்லியான பெண் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் வைத்த டீ ஆடை கட்டிக்கிடந்தது.

"வாங்க மேடம்," என்றார் குப்புராஜ். "பையன் ஏதோ வெளையாட்டுக்கு ரெண்டு வார்த்த பேசினான். புள்ள அத மனசுல வச்சிக்கிச்சாம். நீங்க கிளாஸ் டீச்சர், பெரியவங்க. நடந்தது என்னன்னு நீங்களே இந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க."

லூர்துமேரி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நான் இந்தத் தம்பியக் கேக்க வரலீங்க. இவரு நேத்து வந்தவரு. புத்தி இருக்கற அளவுக்குப் பேசினாரு, போவட்டும். நான் மிஸ்ஸப் பாக்கத்தான் வந்தேன்."

நவநீதன் போனிலிருந்து தலையை எடுத்தான்.

"புள்ள நேத்திலருந்து ஒரு வாய் சோறு திங்கல மிஸ். என்னடீன்னு கேட்டா, சார் பேசினத ஒண்ணும் பெருசா சொல்லல. 'கோகிலா மிஸ்ஸும் சிரிச்சாங்கம்மா, கோகிலா மிஸ்ஸும் சிரிச்சாங்கம்மா'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு கெடக்கறா. நீங்க அறிவானவங்க, உங்க பாடத்துல மார்க் வாங்கணும்னுதான் அவ தலகீழா நிக்கறது. சிரிச்சீங்களாங்க?"

"அதெல்லாம் இருக்காதும்மா," என்று குப்புராஜ் குறுக்கே விழுந்தார். "மேடம் சிரிச்சு நானே பாத்ததில்ல."

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். கோகிலவாணிக்கு அது தெரியும். ஆனால் இந்த மண்டிக்காரர் எடுத்துக்கொடுத்த பொய்யைத் தான் சொல்வதா என்று இருந்தது.

"சிரிச்சேங்க," என்றாள். "ஆனா ஜாஸ்மினப் பாத்து சிரிக்கல. இவரப் பாத்து சிரிச்சேன்."

"என்னப் பாத்தா?" என்றான் நவநீதன்.

"உங்களப் பாத்துதான். ஒரு பந்த வச்சிக்கிட்டு நாப்பது புள்ளைங்களக் கட்டி மேய்க்கத் தெரியல. கடைசில ஒரு பொம்பளப் புள்ளையோட அம்மா செய்யற வேலையப் புடிச்சிக்கிட்டுத் தொங்கினீங்களே, அதப் பாத்து சிரிச்சேன். வேற எதப் பாத்து சிரிக்கறது?"

பதினேழு வருஷமாக இந்த ஆபீசில் இப்படி யாரும் பேசியதில்லை. குப்புராஜின் முகம் கருத்துவிட்டது. கோகிலவாணி லூர்துமேரியைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு நன்றி தெரியும் என்று எதிர்பார்த்தாள்.

லூர்துமேரி முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"யாரப் பாத்து சிரிச்சா என்னங்க? எம்புள்ளதானே நடுவுல நின்னுக்கிட்டு இருந்தா."

கோகிலவாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"இவர் மேல உங்களுக்கு அவ்ளோ எளக்காரம் இருந்தா, எந்திரிச்சு 'நீ உக்காரு கண்ணு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. உங்க வாய்க்கு எல்லாரும் பயப்படுவாங்கன்னு புள்ள சொல்லும். அந்த வாயி நேத்து எங்க போச்சு? நல்லா சாஞ்சு உக்காந்து வேடிக்க பாத்திருக்கீங்க." அவள் குரல் ஏறவே இல்லை. "நான் எத்தனையோ வூட்ல சமைச்சிருக்கேன் மிஸ். வூட்டுக்காரங்களுக்குள்ள ஆவாது. ஒருத்தர ஒருத்தர் நேரா பேசிக்க தைரியம் இருக்காது. நடுவுல சமையக்காரிய வச்சிப் பேசிக்குவாங்க. சாம்பார்ல உப்பு இல்லைம்பாங்க. இங்கயும் அதுதான் நடந்திருக்குது. இதுக்கு எம்புள்ளைய மெட்ரிகுலேஷனுக்கு அனுப்பணுமா?"

எழுந்து துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டி.சி. எழுதி வையுங்க. மொரப்பூர்ல கவர்மெண்ட் பள்ளிக்கூடம் இருக்குது. நான் நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

நடு வருஷத்தில் டி.சி. கொடுப்பது சிரமம், பிள்ளையின் எதிர்காலம் என்றெல்லாம் குப்புராஜ் ஏதோ இழுத்தார். அவள் கதவைத் தாண்டிவிட்டாள். போகும்போது கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சொன்னபடி மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டு டி.சி.-யை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் ஜாஸ்மின் மொரப்பூர் பள்ளிச் சீருடையில் பஸ்ஸுக்கு நிற்பதை நிர்மலாதேவி பார்த்திருக்கிறாள். "சிரிச்சிக்கிட்டுதான் நின்னா மிஸ்" என்றாள்.

டி.சி. போன மூன்றாம் நாள் குப்புராஜ் கோகிலவாணியைக் கூப்பிட்டார். ஒரு பிள்ளை போனது அவருக்குப் பெரிய விஷயமில்லை. வேறொரு பிள்ளை வரும். தன் மகனைப் பார்த்துச் சிரித்ததாக ஒரு சமையல்காரி முன்னால் சொன்னதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

"மேடம், எல்.கே.ஜி. மிஸ் பிரசவத்துக்குப் போறாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு உங்கள மாதிரி அனுபவசாலிங்கதான் வேணும். பொங்கல் முடிஞ்சு நீங்க அத எடுத்துக்குங்க. எட்டு பி-ய தம்பி பாத்துக்குவான்."

எம்.எஸ்சி., பி.எட். படித்தவளை எல்.கே.ஜி.-யில் போட்டால் தானே ஓடிவிடுவாள் என்ற கணக்கு அது. மூட்டை தட்டுகிறவரின் மூளை அவ்வளவுதான் போகும் என்று அவளுக்குப் புரிந்தது. ராஜினாமாக் கடிதத்தைப் போனிலேயே எழுதிப் பார்த்தாள். அப்புறம் அழித்தாள். இந்தப் பள்ளியை விட்டால் அடுத்தது கிரானைட்காரர் பள்ளி, அதற்கடுத்தது கோழிப்பண்ணைக்காரர் பள்ளி. ஒவ்வொருவருக்கும் ஒரு மகன் இருப்பான். அதோடு, இவர்கள் விரட்டி ஓடியதாக இருக்கக்கூடாது. எல்.கே.ஜி.-யில் என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்பு ரவுடிகளையே ஒரு பார்வையில் உட்கார வைத்தவளுக்கு நாலு வயசுக் குஞ்சுகள் எம்மாத்திரம்?

பொங்கலுக்கு முந்தின நாள் எட்டு பி-யிடம் விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் தான் வரமாட்டேன் என்றாள். நாலு முகமாவது வாடும் என்று நினைத்தாள். முதல் பெஞ்சில் ஐஸ்வர்யா என்கிற கெட்டிக்காரப் பெண் எழுந்தாள்.

"நெஜமாவா மிஸ்?"

அந்தக் குரலில் இருந்தது வருத்தம் இல்லை. நம்ப ஆசைப்படுகிறவளின் குரல். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கோகிலவாணி பாடத்தைத் திறக்கச் சொன்னாள். மீதி இருபத்தைந்து நிமிஷம் ஒளிவிலகலை நடத்தினாள். எவனையும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு அதற்கும் பயந்துதான் உட்கார்ந்திருந்தது.

பொங்கல் முடிந்து திங்கட்கிழமை எல்.கே.ஜி. அறைக்குள் அவள் நுழைந்தபோது இருபத்தேழு பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். நாலு நாள் வீட்டில் பொங்கலும் கரும்பும் தின்று அம்மா மடியிலேயே கிடந்துவிட்டு வந்தவர்கள். ஒருத்தி கதவைப் பிடித்துத் தொங்கினாள். ஒருவன் பையைக் கழற்ற மறுத்து முதுகில் சுமந்தபடி மூலைக்கு மூலை நடந்தான். ஒருவன் தரையில் மல்லாந்து கிடந்து இரண்டு காலாலும் உதைத்தான்.

கோகிலவாணி மேசைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். பார்வை எந்தக் கண்ணிலும் போய் விழவில்லை. எல்லாக் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. தரையில் கிடந்தவனிடம் போய்க் குனிந்தாள்.

"இவ்ளோ சத்தமா அழறீங்களே சார், ஊருக்கெல்லாம் கேக்கணுமா?"

அவன் அழுகையை ஒரு நொடி நிறுத்தி அவளைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். மறுபடி தொடங்கினான்.

அப்பா செய்கிற தொழில், படிப்பு, மார்க், மானம், எதுவும் இங்கே செல்லாது. இந்தப் பயல்களுக்கு வெட்கப்படத் தெரியவில்லை. கதவில் தொங்கியவள் வந்து அவள் சேலையைப் பிடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலையில் தின்றதையெல்லாம் அதிலேயே வாந்தி எடுத்தாள்.

அந்நேரம் ஆயாம்மா ராமக்காள் வாளியும் துணியுமாக உள்ளே வந்தாள். ஒன்பது வருஷமாக அந்த அறையைக் கூட்டித் துடைக்கிறவள். வாந்தி எடுத்தவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், தரையில் கிடந்தவனைக் காலால் மெதுவாக நெம்பி உட்கார வைத்தாள், பையோடு நடந்தவனிடம், "சாமீ, பையில என்னா வச்சிருக்கற, காட்டு" என்றாள். அவன் உடனே பையைக் கழற்றித் திறந்து காட்டினான். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. பிறகு அவள் திரும்பி, வாந்தி படிந்த சேலையோடு அசையாமல் நின்ற எம்.எஸ்சி., பி.எட்.-ஐ மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"என்னா டீச்சர், பாத்துக்கிட்டே நிக்கறீங்க? அந்த மூக்கத் தொடைங்க மொதல்ல."

"எந்த மூக்க?"

"எந்த மூக்கவாம்!" ராமக்காள் உதட்டைப் பிதுக்கினாள். "எல்லா மூக்கையுந்தான்."

கோகிலவாணி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். முதல் வரிசையில் முதல் பிள்ளையிடம் குனிந்தாள். அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. மூக்கில் பட வேண்டியது கன்னத்தில் பட்டது. பின்னாலிருந்து ராமக்காள், "பிடறியில ஒரு கைய வைங்க" என்றாள். வைத்தாள். ஒரு மூக்கு சுத்தமானது. அடுத்ததற்குப் போனாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க மணி அடித்தபோது ஒன்பது மூக்கு முடிந்திருந்தது. முதலாவது மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது.